நூற்று நாற்பதில் ஒன்று

காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் மாலை நாலுக்குத்தான் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்னும் இப்படித்தான் சொன்னார்கள். அன்று காற்று பம்புகள் நின்றுபோய், ஒரு ஈடு ஏஞ்சல் மீன் குஞ்சுகள் முழுக்க மேலே மிதந்தன. வீட்டிலேயே வண்ணமீன் வளர்த்து விற்கும் அவள், அவற்றை வலையால் அள்ளி வாளியில் போட்டாள். மறுநாள் சாயங்காலம், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் ஒரு சாக்கு நிறையப் பழைய லேப்டாப் பேட்டரிகளோடு வந்து இறங்கினார்.

லேப்டாப் பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கி எறிகிறோமே, உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் ஆறு உருளைகளில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் செத்திருக்கும். மற்றவை அதோடு சேர்ந்த பாவத்துக்குக் குப்பைக்குப் போகின்றன. அவர் ஒவ்வொன்றையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, பத்து நாள் சும்மா கிடக்கவிட்டு, மறுபடி அளந்தார். சும்மா இருக்கும்போதே இறங்கியவை கழிந்தன. தேறியவை நூற்று நாற்பது. வரிசைக்கு இருபதாக ஏழு வரிசை. மாடியில் சோலார் பலகை, பின்கட்டில் சிமெண்டு மேடை மேல் உருளைகளை அடக்கிக் கண்ணாடி மூடி போட்ட இரும்புப் பெட்டி, தீப்பிடித்தால் கொட்டப் பக்கத்தில் ஒரு வாளி மணல்.

ஒவ்வொரு உருளையையும் வரிசையின் செம்புக் கம்பியோடு இணைக்கும் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்தவள் அவள்தான். மீன் முட்டைகளை இடுக்கியால் பிரித்துப் பழகிய கை.

"ஏங்க, முடி மாதிரி இருக்கு. கொஞ்சம் தடிமனா வாங்கினா சட்டுனு முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும். கூடவே வீடும் முடிஞ்சிடும். மெல்லிசாவே வை." ஏன் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். அவள் ஒட்டுகளை எண்ணுவதிலேயே குறியாக இருந்ததால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் துணி காயப்போட வரும்போதெல்லாம் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போவாள். "என் தம்பி லிஃப்டைத்தான் மேலே அனுப்புவான்னு நெனச்சேன். வீட்டையே மேலே அனுப்பப் பாக்குறான்!"

இப்போது முன்னறைத் தொட்டிகளில் அடுத்த ஈடு, அறுநூறு குஞ்சுகள். மூன்று வார வயசு. பன்னிரண்டு மணி வரைக்கும் பம்புகள் பேட்டரியில் ஒழுங்காகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. அப்போது பின்கட்டில் 'டிக்' என்றது. போய்ப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு கம்பி அறுந்து நின்றது.

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. தான் வைத்த ஒட்டு! பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை அதே பேட்டரியில் ஓடும் பிளக்கில் சொருகிவிட்டுக் கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஒரு கம்பி விட்டுப்போச்சு. நான்தான் சரியாப் பத்தவைக்கலை. தடிக்கம்பியா ஒண்ணு போட்டு ஒட்டிடறேன்."

"ஐயோ, கை வைக்காதே! அயர்னைப் புடுங்கு. பூதக்கண்ணாடி எடுத்துப் பாரு. எந்த இடத்துல விட்டிருக்கு? ஓரத்துலயா, நடுவுலயா?"

"நடுவுல."

"நுனியில ஏதாவது உருண்டிருக்கா?"

"ஆமா, கடுகு மாதிரி. ரெண்டு பக்கமும்."

"அப்போ உன் ஒட்டு விடலம்மா. கம்பி உருகியிருக்கு. அந்த உருளை உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சு."

விஷயம் இதுதான். ஒரு உருளை உள்ளே பழுதாகிவிட்டால், அதே வரிசையில் இருக்கும் மற்ற பத்தொன்பதும் தங்களிடம் இருப்பதையெல்லாம் அதற்குள் கொட்ட ஆரம்பிக்கும். தடிக்கம்பி என்றால் அவ்வளவையும் கடத்தி, அந்த உருளையைக் கொள்ளிக்கட்டையாக்கிவிடும். முடி போன்ற கம்பியோ அந்தப் பாய்ச்சல் தாங்காமல் தானே உருகி, கெட்டதைக் கூட்டத்திலிருந்து வெட்டிவிடுகிறது.

"இப்போ அது சூடா இருக்கும். ஏறுதா இறங்குதான்னு பத்து நிமிஷம் பாரு. ஏறினா மெயின் சுவிட்சை அணைச்சிட்டு வெளிய ஓடிடு. மீன் போனா போகுது."

மீன் போனா போகுதாம்! போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்துவிட்டு, தொட்டியில் கிடந்த வயர் தெர்மாமீட்டரை எடுத்துவந்து துடைத்து, அதன் பிளாஸ்டிக் முனையை உருளையின் உறைமேல் வைத்தாள். மறு கை சுவிட்சில்.

நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. விரல் சுவிட்சை அழுத்தத் துடித்தது. முன்னறையில் குமிழிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடி நாற்பத்தெட்டு. அதையே வெகுநேரம் காட்டியது. பிறகு நாற்பத்தாறு. நாற்பத்து மூன்று. முப்பத்தொன்பது.

"இறங்குதுங்க!" என்று போனில் கத்தினாள். அந்தப் பக்கம் அவர் விட்ட பெருமூச்சு லிஃப்ட் குழிக்குள் எதிரொலித்தது.

சத்தம் கேட்டு நாத்தனார் ஓடிவந்து மணல் வாளியைத் தூக்கிக்கொண்டாள். "எங்கே, எங்கே?"

"ஒண்ணுமில்ல அண்ணி, இறக்கி வைங்க. நூத்து நாப்பதுல ஒண்ணு போயிடுச்சு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் வேலை செய்யுது."

வெயிலே இல்லாவிட்டாலும் பன்னிரண்டு மணி நேரம் ஓடியிருக்கும் பேட்டரி. இனி ஒரு வரிசையில் இருபதில் ஒன்று குறைவு. முதலில் தீர்வது அந்த வரிசைதான்; ஒரு வரிசை தீர்ந்தால் எல்லாமே நின்றுவிடும் என்பதால் மொத்தத்திலும் அதே அளவு குறையும்: அரை மணிக்குக் கொஞ்சம் மேல். குறைந்துவிட்டுப் போகட்டும்.

நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது. அவள் தொட்டிகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியோரம் கூட்டமாகத் திரும்பித் திரும்பி நீந்தியவற்றைப் பார்த்தாள். ஒன்றுகூட மிதக்கவில்லை. கால் மரத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோதுதான், காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று வயிறு சொன்னது.