தொடக்கூடாத வீக்கம்

கிதியோனேயின் நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். டோங்கா நாட்டின் வவாவு தீவில் பாதிப் பேர் அதைப் பார்த்தாயிற்று. தொட்டுப் பார்த்தவர்தான் ஒருவருமில்லை.

மகள் தெலேசியா தீவு மருத்துவமனையில் அறுவை அறை நர்ஸ். ஊரார் உடம்பில் எங்கே கட்டி வந்தாலும் ஓர் அமுக்கு அமுக்கி, இது இன்னதென்று சொல்லிவிடுவாள். ஆனால் டோங்காவில் பெற்ற பிள்ளை அப்பாவின் தலையில் கை வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு படித்த பிள்ளையானாலும் சரி.

கடல் அட்டை பிடிக்க, முத்துக்குளிக்கிறவன்போல் மூழ்கி மூழ்கி, கிதியோனேக்குச் சளி மூக்கிலேயே குடியேறி மாதக்கணக்காகிறது. அதோடு இந்த வீக்கம் வேறு.

“படகை இழுக்கறப்ப இடிச்சுக்கிட்டேன். தானா வத்திடும்.”

“டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும்பா.”

“உங்க டாக்டருக்கு வேலை இல்லேன்னா கடலுக்கு வரச் சொல்லு. அட்டை பொறுக்கலாம்.”

தெலேசியா சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். இடித்த வீக்கம் என்று நம்புவது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

ஞாயிறு காலை, தேவாலய வாசலில் வாந்தியெடுத்துக் கீழே சாய்ந்தார் கிதியோனே. உடம்பு கொதித்தது. வண்டியில் ஏற்றும்போது மகளைச் செத்துப்போன மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

டாக்டர் மாஃபியும் அந்த ஊர்க்காரர்தான். “மன்னிச்சுக்குங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டுத்தான் வீக்கத்தை அமுக்கினார். விரல் உள்ளே போயிற்று. எடுத்த பிறகும் பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி அப்படியே நின்றது.

“இது இடிச்ச வீக்கம் இல்ல. நீ அமுக்கிப் பாக்கல...” என்று ஆரம்பித்தவர், தெலேசியாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “சைனஸ்ல இருந்த சீழ் நெத்தி எலும்பை அரிச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கு. ரொம்ப அபூர்வமா வர்றது. வெளிய வந்த மாதிரி உள்பக்கமும் போயிருந்தா, அடுத்தது மூளைதான்.”

“தலைநகருக்கு அனுப்பிடலாமே டாக்டர்?”

“ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள், சட்டப்படி எந்த விமானம் பறக்குது? அனுமதி வாங்கி வரவழைக்கறதுக்குள்ள காரியம் கெட்டுடும். அங்க இருக்கற நிபுணர் போன்ல கூடவே இருப்பாரு. இங்கயே திறந்துடுவோம். தலையை ஆடாமப் பிடிச்சுக்க ஆள் வேணும். இன்னொரு நர்ஸு சபைக் கூட்டத்துக்கு வேற தீவு போயிருக்கா. நீதான் வரணும்.”

தொடாமல் விட்டதால்தான் அப்பாவுக்கு இந்தக் கதி என்று தெலேசியாவுக்குத் தெரியும். இப்போது தொட்டால் அவர் உயிருக்கே ஆகாது என்றும் அதே மனசு சொல்லியது. படிப்பு ஒரு பக்கம் இழுக்க, பயம் நாலு பக்கமும் இழுத்தது.

அந்த நேரத்தில் அத்தை ஃபுசி வந்து சேர்ந்தாள், தேவாலயத்துக்குப் போகையில் மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டும் பாயைக்கூட அவிழ்க்காமல். கிதியோனேக்கு அக்கா. அந்தக் குடும்பத்தில் அவள் வாய் திறந்தால் கிதியோனேயே கைகட்டி நிற்பார்.

“அத்தை, நான் எப்படி அப்பா தலையை...”

“நான் அவனுக்கு மூத்தவ. நான் சொல்றேன், பிடி.”

“நாளைக்கு எழுந்து கேட்டார்னா?”

“கேக்கட்டுமேடி! அவன் எழுந்து கேக்கணும்னுதானே அறுக்கச் சொல்றேன்!”

அதட்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் பாயின் நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்ததைத் தெலேசியா பார்த்துவிட்டாள்.

அப்பாவின் முன்மண்டை முடியைத் தெலேசியாவே மழித்தாள். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால்தான் தலைமுடியில் கத்திரி படும். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மயக்க மருந்து ஏறியதும் தெலேசியா இரண்டு கைகளாலும் அந்தத் தலையைப் பிடித்தாள். நல்ல கனம். கத்தி பட்டதும் சீழ் பீறிட்டது. அறை முழுக்க நாற்றம். எலும்பு கரையான் தின்ற பலகையாக இருந்தது. டாக்டர் அதைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி எடுக்க, போனில் நிபுணர் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எலும்புக்கு அடியிலும் சீழ் தேங்கி நின்றது. அதை உறிஞ்சி எடுத்தபின் மூளையை மூடிய சவ்வு தெரிந்தது.

“சவ்வு துடிக்குது, கிழியல” என்றார் டாக்டர் மாஃபி. “ஆனா அழுத்தத்துல உள்ள என்ன கெட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. முழிச்சுப் பேசினாத்தான் உண்டு.”

பிற்பகலில் கிதியோனே கண் திறந்தார். கூரையையே பார்த்தார்.

“அப்பா, நான் யாரு சொல்லுங்க?”

அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கூரைக்கே திரும்பினார்.

“டேய், அக்காவைத் தெரியுதா?” என்றாள் ஃபுசி. அவளையும் பார்த்தார். சுவரைப் பார்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

உயிரைக் காப்பாற்றிவிட்டு மனுஷனைத் தொலைத்துவிட்டோமா? அப்பா, அப்பா என்று அரற்றிக்கொண்டே தெலேசியா, என்ன செய்கிறோம் என்பது தெரியாமல், கட்டுக்குப் பின்னால் மிஞ்சியிருந்த முடியைத் தடவித் தடவிக் கொடுத்தாள்.

கிதியோனேயின் புருவம் சுருங்கியது. உதடு மெல்ல அசைந்தது.

“யாரைக் கேட்டுடி அப்பன் தலையில கை வைக்கிற, தெலேசியா? வளர்த்த லட்சணமா இது?”

தெலேசியா வெளியே ஓடினாள். நடைபாதை பெஞ்சில் டாக்டர் மாஃபி யாரோ கொண்டுவந்து கொடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் இலைப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தார்.

“டாக்டர், திட்டிட்டாரு! பேரைச் சொல்லித் திட்டிட்டாரு!”

பொட்டலம் மடியிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்காமல் அவர் எழுந்து நின்றார்.

“முழுசாவா? வார்த்தை எதுவும் குழறாம?”

“முழுசா டாக்டர்,” என்றாள், அழுகையும் சிரிப்புமாக. “இன்னும் நிறுத்தல.”