பதினெட்டு அடி

என் வகுப்பில் யார் என்ன கற்பனை செய்தாலும் சரி, கடைசியில் ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். யார் செய்வது, எதைக் கொண்டு, எப்போதைக்குள், முதலில் எது சொதப்பும். பதில் இல்லையென்றால் அது திட்டமில்லை, வெறும் பீலா.

ஒன்பதாம் வகுப்பு வாலு முதலில் கொண்டுவந்தது பறக்கும் நாற்காலி. ஆறாம் வகுப்பில் இருக்கும் அவள் தம்பிக்கு நடக்க வராது, சக்கர நாற்காலிதான். நூலகத்துக்கு மூன்று படி. போன மாதம் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கீழே போட்டுவிட்டார்கள். அதிலிருந்து அவன் அந்தப் பக்கமே போவதில்லை. இன்னும் மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை முதல் அவனுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு அங்கேதான்.

"பறக்கறது இருக்கட்டும். படி எவ்வளவு உயரம், அளந்தியா?" என்று விரட்டினேன்.

அளந்தாள். ஒன்றரை அடி. ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், ஆகப் பதினெட்டு அடிச் சாய்தளம். பழைய மேடைப் பலகைகளைக் கேட்டு வாங்கினாள். சனிக்கிழமை வந்து போட்டுத் தருவதாகத் தச்சரையும் சம்மதிக்க வைத்தாள். மூன்று வாரம் அவள் உயிரை எடுத்தேன், அவள் சளைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்க பலகையைப் போட்டா என் காரை எங்கம்மா நிறுத்தறது? அந்தப் பறக்கற நாற்காலியை மாடலா பண்ணச் சொல்லுங்க. லைட்டு கிட்டு போட்டு. கண்காட்சியில பிரைஸ் நமக்குத்தான்."

"அந்தப் பையன் திங்கட்கிழமை எங்க சார் உக்காருவான்?"

"வராண்டாவுல ஒரு மேஜை போட்டாப் போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாணவர்களின் கற்பனைக்கு எல்லையே இல்லை என்று மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர். கற்பனைக்கு எல்லை இல்லையாம், இவர் காரை மட்டும் நாலடி தள்ளி நிறுத்த முடியாதாம்.

வாலுவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பையைக் குடைந்து, சாய்தளத்துக்கு எழுதிய தன் முதல் தாளை எடுத்து நீட்டினாள். முதலில் எது சொதப்பும் என்பதற்கு நேராக, "ஹெச்.எம். கார்" என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பலகை உளுத்திருக்குமா என்று யோசி" என்று பக்கத்தில் எழுதியிருந்தது என் கையெழுத்து.

"நான் அப்பவே எழுதினேன் டீச்சர். நீங்கதான் அடிச்சீங்க."

அவர் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது. நான்கு கேள்வி கேட்டுப் பிள்ளைகளைக் குடையத் தெரிந்த எனக்கு, வந்த ஒரு நல்ல பதிலைக் காதில் வாங்கத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

புதுத் தாள் எடுத்தேன். யார் செய்வது: நான். எதைக் கொண்டு: என் நாற்காலி. எப்போது: நாளை காலை எட்டரை. முதலில் எது சொதப்பும்: என் வேலை.

வாலு வாங்கிப் படித்தாள். எதையும் அடிக்கவில்லை.

மறுநாள் தச்சர் பலகையை இறக்கும்போதே கார் வந்துவிட்டது. அது நிற்கும் இடத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஹார்ன் அடித்தார். மறுபடியும் அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை.