எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

அயனம்பாக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் ஓடுவது வேம்புலி வீட்டுக்குத்தான். சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு. அவன் வந்து மூங்கில் வெட்டிப் பாடை கட்டினால்தான் போனவர் அலுங்காமல் குலுங்காமல் போய்ச் சேருவார் என்று ஊருக்கே ஒரு எண்ணம். கூலிக்குச் செய்கிற வேலை இல்லை அது. வேம்புலி ஏர் ஓட்டிப் பிழைக்கிற குடியானவன். கை அதில் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

கை பழகினால் பரவாயில்லை, வாயும் அல்லவா பழகித் தொலைத்துவிட்டது! இழவு வீட்டில் பெண்கள் மார் அடித்துக்கொண்டு அழும்போது இவன் வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டே, "இன்னாத்துக்குமே இம்மாம் அழுவாச்சி? நாளைக்கு நானு, மறுநாளு நீ" என்பான். அந்த வருஷம் தை மாதம் சீமையில் ஜார்ஜ் ராஜா செத்துப்போனார் என்று பூந்தமல்லியில் கடைகளை மூடினார்கள். சேதியைக் கேட்டு வேம்புலி சொன்னது இதுதான்: "ராஜான்னா இன்னா, அவருக்கும் ரெண்டு மூங்கிலு, ஏழு குறுக்குக் கட்டைதான்." அவன் பெண்டாட்டி குப்பம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாயைக் கயுவுய்யா மொதல்ல" என்று திட்டினாள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளை பிறந்து, ஒன்று மூச்சே விடாமலும் ஒன்று மூன்றாம் நாளிலும் போயிருந்தன. வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே அவளுக்குப் பிடிக்காது.

ராஜா செத்து நாலு நாள் இருக்கும். காலையில் வைக்கோல் போரில் கையை விட்டு இழுத்த வேம்புலிக்குக் கணுக்காலில் சுரீர் என்றது. குனிந்து பார்த்தான். இரண்டு பொட்டு ரத்தம். வைக்கோலுக்குள் என்னமோ சரசரவென்று ஓடியது. ஓடியது எது என்று அவன் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவும் இல்லை. "பாம்பு!" என்று ஒரு கத்து கத்தினான் பாருங்கள், ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

விஷக்கடிக்கு மருந்து கொடுக்கிற எத்திராஜ் வந்தார். வந்தவர் வழக்கப்படி ஒரு கொத்து வேப்பிலையை அவன் வாயில் திணித்தார். கடிபட்டவனுக்கு வேப்பிலை கசந்தால் பயமில்லை. கசக்காவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று கணக்கு.

"கசக்குதா?"

"இல்லியே!"

எத்திராஜ் முகம் மாறியது. நாலு மிளகை எடுத்துக் கொடுத்தார். "காருதா?"

வேம்புலி மென்று பார்த்தான். வைக்கோலை மென்ற மாதிரி இருந்தது. தலையை ஆட்டினான். அவ்வளவுதான், கூட்டத்தில் ஒருத்தி ஓலம் எடுத்தாள்.

உங்களிடம் மறைப்பானேன். அன்று விடியற்காலையில் வெற்றிலை போடும்போது, அப்போதுதான் தண்ணீர் ஊற்றித் தாளித்த கிளிஞ்சல் சுண்ணாம்பை விரல் நிறைய வழித்து வாயில் போட்டுக்கொண்டு நாக்கை முழுக்கப் பொள்ள வைத்திருந்தான் அந்த மனிதன். வெந்த நாக்குக்குக் கசப்பு ஏது, காரம் ஏது? ஆனால் அந்த அமளியில் அது யாருக்கு ஞாபகம் வரும்? அவனுக்கே வரவில்லை.

"என் கைய மீறிப் போச்சி" என்றார் எத்திராஜ். "ஒரே வயிதான் கீது. திருவேற்காட்டு எல்லைக்குள்ள தூக்கிகினு பூடுங்க."

அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. திருவேற்காட்டு எல்லைக்குள் விஷம் யாரையும் கொல்லாது, அது சாமியின் கட்டளை என்பது காலங்காலமாக வருகிற நம்பிக்கை. குப்பம்மாவின் தம்பி பரந்தாமனும் இன்னும் மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலோடு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த ஓட்டத்தில்தான் வேம்புலி செத்தான் என்று சொல்லவேண்டும். மல்லாந்து படுத்திருந்தான். வானம் குலுங்கிக் குலுங்கிப் போனது. நாலு பேர் தோளில் இப்படிப் போகிறவர்களை அவன் எத்தனையோ முறை வழியனுப்பி இருக்கிறான். எந்த முடிச்சு எங்கே விழும், கால் கட்டைவிரலை எப்போது சேர்த்துக் கட்டுவார்கள், முகத்தை எப்போது மூடுவார்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இத்தனை நாளும் கட்டியது மனுஷனை என்று இப்போதுதான் உறைத்தது. போதாக்குறைக்குக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தவன், "நல்ல மனுசம்பா" என்று பெருமூச்சு விட்டான். இருக்கிறபோது ஒருநாளும் அவனை நல்லவன் என்று சொல்லாத ஆள் அவன்.

பனைமரத்தடியில் எல்லைக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிக் கட்டிலை இறக்கினார்கள். ஒரு நாழிகை ஆயிற்று, இரண்டு நாழிகை ஆயிற்று. ஆள் சாகவில்லை. மத்தியானம் பசிக்கிறது என்றான். எல்லோரும் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

மறுநாள் எத்திராஜ் வந்து கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை, நீலம் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அட கம்னாட்டி, சுண்ணாம்புடா! நாக்கு வெந்து கீது. உன்னைக் கடிச்சது எலியோ, முள்ளோ. எய்ந்து ஊட்டுக்குப் போ."

பரந்தாமன் விழுந்து விழுந்து சிரித்தான். வேம்புலியும் சிரித்தான். இரண்டு பேரும் எல்லைக்கல் வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். கல்லுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் வேம்புலியின் கால் நின்றுவிட்டது. எத்திராஜுக்கு என்ன தெரியும்? நேற்று விஷம் என்றார், இன்று சுண்ணாம்பு என்கிறார். விஷம் உள்ளேயே இருந்து, சாமி அதைக் கட்டிப் போட்டிருந்தால்? கல்லைத் தாண்டியதும் கட்டு அவிழ்ந்துவிட்டால்? கால் மரத்த மாதிரி இருந்தது. "நாளைக்கு வரேன் மச்சான், இன்னிக்கி கால் ஒரு மாதிரி கீது" என்று திரும்பிவிட்டான்.

அந்த நாளை வரவே இல்லை. தை போய் மாசியும் போயிற்று. கோயில் பக்கத்துச் சத்திரத்தில் பெருக்குவதும் தண்ணீர் சுமப்பதுமாக வேம்புலி காலத்தைத் தள்ளினான். தினமும் கல் வரைக்கும் நடப்பான், நிற்பான், திரும்புவான். ஊரில் யாரோ கிழவர் இறந்தபோது கூப்பிட ஆள் வந்தது. வயிற்று வலி என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

குப்பம்மா இரண்டு நாளைக்கு ஒரு தரம் கூழ்ச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து வருவாள். முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு பேசாமல் சட்டியை வைத்துவிட்டுப் போனாள். பங்குனி பிறந்தது. அன்றைக்கு வந்தவள் உட்காரவே சிரமப்பட்டாள். கால் இரண்டும் வீங்கி இருந்தன.

"நீ இங்கயே வந்து இருந்துடேன்" என்றான் வேம்புலி.

"சத்திரத்துல புள்ள பெத்துக்க உடுவானா? கோயில் தீட்டாயிடும்னு தொரத்துவான். என் ஊட்டுலதான் பெத்துப்பேன்." அவள் மூச்சு வாங்கினாள். "ஒன்னு கேக்கறேன், சொல்லு. ரெண்டு புள்ள பெத்தேன். ரெண்டு தபாவும் சாவாண்ட நானே போயிட்டு வந்தேன். இப்போ மூணாவது. ஒம்போது மாசமா அந்தச் சாவு என் வயித்துலயே குந்திகினு கீது. நான் இன்னா பண்ணேன்? நாத்து நட்டேன், தண்ணி தூக்கனேன், உனக்குக் கூழு கொண்டாந்தேன். நான் எந்த ஊரு எல்லைக்குள்ள போயி ஒளிஞ்சிக்கறதுய்யா?"

வேம்புலி கூழ்ச்சட்டியைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தான்.

"எனக்கும் பயமாத்தான் கீது" என்றாள் குப்பம்மா. "வலி எடுக்கறப்போ நீ சொவத்துக்கு அந்தாண்ட நின்னா போதும். வேற ஒன்னும் கேக்கல." சட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

வேம்புலி அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. பத்து வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்தவள் எவ்வளவு பயத்தைச் சுமந்தாள் என்று ஒருநாளாவது கேட்டிருப்பானா? ஊர்ச் சாவுக்கெல்லாம் கிண்டல் பேசிக்கொண்டு திரிந்தானே ஒழிய.

நாலாம் நாள் காலை வெயில் ஏறுகிற நேரத்துக்குப் பரந்தாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். "மாமா, விடியல்லேந்து வலி. கொயந்த காலால வருதாம். பூந்தமல்லி ஆசுபத்திரிக்கு வண்டி கட்டலாம்னா, குலுங்குனா ரெண்டு உசுரும் தாங்காதுன்னுது அங்கம்மா." மருத்துவச்சி அங்கம்மா சுலபத்தில் கையை விரிக்கிறவள் இல்லை. "அக்கா உன்னைத்தான் கேட்டுகினு கீது."

வேம்புலி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினான். எல்லைக்கல் தெரிந்தது. கால் நின்றது.

பாழாய்ப்போன கால்! இத்தனைக்கும் அவன் மனசு எப்போதோ தாண்டி வீட்டுக்குப் போய்விட்டது. பரந்தாமன், "நான் தூக்கிகினு போவட்டா மாமா?" என்றான்.

"தூக்காதே!" என்று அலறினான் வேம்புலி. இன்னொரு தரம் மல்லாந்து போக அவனால் முடியாது.

கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். தைரியம் வரும், வந்ததும் போகலாம் என்றுதான் கிட்டத்தட்ட இரண்டு மாதமாகக் காத்துக் கிடந்தான். அது வரப்போவதில்லை என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. வராவிட்டால் போகட்டும். செத்து விழுந்தால் அந்தப் பக்கம் விழுவோம். அவளுக்கு நாலடி கிட்டத்திலாவது விழுந்து கிடக்கலாம். அப்படி நினைத்ததும் 'ஐயோ!' என்று வாய்விட்டு ஒரு கத்துக் கத்தினான், கத்திக்கொண்டே காலைத் தூக்கி வைத்தான்.

அப்புறம் ஓட்டம்தான். வேம்புலி வீரமாக ஓடினான் என்று சொன்னால் பொய். அழுதுகொண்டு ஓடினான். பத்தடிக்கு ஒரு தரம் இதோ மூச்சு நிற்கப்போகிறது என்று நினைத்தான். வழியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாற்பது வயது ஆம்பிளை மூக்கு ஒழுக ஓடுவதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். எமனைத் திட்டினான், எலியைத் திட்டினான், சுண்ணாம்பைத் திட்டினான். ஓடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வீட்டுக்குள் ஆம்பிளைகளை விடவில்லை. பின்பக்கம் போய்ச் சுவரில் இருந்த சின்னப் பலகணியின் கீழே சாய்ந்து நின்றான். உள்ளே அவள் முனகுவது கேட்டது.

"குப்பு, வந்துட்டேன்."

முனகல் நின்றது. பிறகு தீனமாக ஒரு குரல். "கல்லைத் தாண்டியா வந்தே?"

"தாண்டித்தான்."

"சாவலியா?"

"இன்னும் இல்லமே. பாத்துகினே கீறேன்."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று பதறிப்போனான். அவள் சிரித்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள். "அடியே, சிரிக்கற நேரமாடி இது? முக்குடி!" என்று அங்கம்மா போட்ட அதட்டல் தெருவரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாழிகை நேரம் வேம்புலி அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. உள்ளே அவள் கத்தினபோதெல்லாம் வெளியே இவன், "இங்கதான் கீறேன், இங்கதான் கீறேன்" என்றான். சட்டென்று எல்லாச் சத்தமும் அடங்கியது. அந்த அமைதியை அவன் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறான். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினான். உள்ளே பளாரென்று அங்கம்மா தட்டுகிற சத்தம். மறுபடி ஒரு தட்டு. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் எழுந்து, வீறிட்டு, ஊரைக் கூட்டியது.

அங்கம்மா பழந்துணியில் சுற்றிப் பலகணி வழியாகக் காட்டினாள். "பொண்ணு. பொயச்சிக்கும். தாயும் நல்லாத்தான் கீறா." வேம்புலி எக்கி எக்கிப் பார்த்தான். சிவந்துபோன மூஞ்சி, மூடின கை. அந்தக் கையைத் தொடப் போனவன் விரலை இழுத்துக்கொண்டான்.

"இன்னாய்யா" என்று உள்ளேயிருந்து குப்பம்மா கேட்டாள். குரலில் சீவனே இல்லை, ஆனால் கேலி இருந்தது. "பயம் போச்சா?"

வேம்புலி பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தான். "எங்கமே போச்சி. ஜாஸ்தியாப் பூட்ச்சி. அப்போ ஒரு உசுருக்குப் பயந்தேன், இப்போ மூணு உசுருக்குப் பயப்படணும்."

"அப்போ சரி" என்றாள் அவள். "குளிச்சிட்டு வந்து உன் பொண்ணைத் தூக்கு."