வூட்ல தச்சது

ஆடிக் காற்று தொடங்கிய வாரத்தில் தமிழழகன் லாரி மேலிருந்து விழுந்தான். வெள்ளிமலையில் அந்தப் பருவத்தின் கடைசிப் பலாப்பழ லோடு. தூறலில் நனைந்த தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டும்போது கால் வழுக்கிவிட்டது. விழுந்த உயரம் பெரிதில்லை. விழுந்த இடம்தான் பாறை. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து வலது காலில் பிளேட் வைத்தார்கள். பொங்கல் வரைக்கும் வண்டி ஓட்டும் நினைப்பே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கச்சிராயபாளையத்தில் அவன் வீடு சின்னது. பின்னறைக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும் என்பதால் கட்டிலை முன்னறையில் போட்டார்கள். அந்த முன்னறைதான் அவன் மனைவி செவ்வந்தியின் தையல் கடை. ஜன்னலோரம் மிஷின், சுவரில் கண்ணாடி, கொடியில் தைத்து முடித்த ஜாக்கெட்டுகள். இத்தனை நாள் அவன் வண்டியில் இருந்ததால் அந்த அறையில் ஆம்பளை வாசமே கிடையாது. இப்போது நடுவே கட்டில், கட்டிலில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒரு லாரி டிரைவர்.

அளவு ஜாக்கெட்டோடு வந்த பூமாலை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணன் வூட்லதான் இருக்குதா? செரி, நான் அப்பறமா வரேன்."

அவள் வரவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படித்தான் திரும்பினார்கள். தமிழழகன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்துப் பார்த்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

செவ்வந்தி கட்டிலுக்கும் மிஷினுக்கும் நடுவே ஒரு கொடி கட்டி, பழைய புடவையைத் தொங்கவிட்டாள். மேற்கே மலையிலிருந்து வந்த காற்று ஜன்னல் வழியாகப் புகுந்து புடவையைக் கூரை வரைக்கும் தூக்கியது. அந்த நேரம் பார்த்து அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வீல் என்று கத்தியதில், கட்டிலில் இருந்தவன் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"கனமா ஒண்ணு தொங்கவுடணும்" என்றாள் செவ்வந்தி.

"தார்ப்பாய் இருக்குது. கட்டு."

"தார்ப்பாயா? வர்றவங்க கரும்பு லோடு ஏத்துற இடம்னு நெனச்சிக்கப் போறாங்க."

கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி கிடந்தது. ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள். தமிழழகன் அந்தச் சாக்கை ஊன்றுகோலால் இழுத்தான். கிழிந்த தார்ப்பாயைக் கோணி ஊசியால் தைப்பது லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. மழை வருவதற்குள், நடுரோட்டில் குந்திக்கொண்டு, அவன் எத்தனையோ முறை தைத்திருக்கிறான். சும்மா இருக்க முடியாத கை. சிவப்புத் துண்டையும் மஞ்சள் துண்டையும் எடுத்து, கோணி ஊசியில் சணல் நூலைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தான்.

செவ்வந்தி அதைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தாள். ஊசி போன இடமெல்லாம் சுண்டெலி கடித்தது போல ஓட்டை. சிரித்து முடித்த பிறகு மிஷின் டிராயரைத் திறந்து, சின்ன ஊசியையும் நூல்கண்டையும் எடுத்து அவன் பக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

சின்ன ஊசி அவன் விரலுக்குள் நிற்கவே மாட்டேன் என்றது. உடைந்தது, விரலைக் குத்தியது, பாயில் விழுந்து காணாமல் போனது. ஆனாலும் துண்டோடு துண்டு சேர்ந்துகொண்டே வந்தது. பச்சைப் பக்கத்தில் என்ன வைத்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று அவன் யோசிக்க ஆரம்பித்தான். மாம்பழ நிறத்தை வைத்துப் பார்த்து, எடுத்து, ஊதாவை வைத்தான். அப்படி யோசிக்கும்போது கால்வலி தெரியவில்லை என்பதை மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் கவனித்தான். மெல்லிசாக இருந்தால் காற்றுக்கு நிற்காது என்று உள்ளே இரண்டு பழைய புடவைகளை மடித்து வைத்து, பின்னால் லைனிங் துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டான். மறைப்பு என்று தொடங்கியது, கனமான ஒட்டுப் போர்வையாக அவன் மடியில் கிடந்தது.

"முடிஞ்சிது. மாட்டு" என்றான்.

செவ்வந்தி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். நாலு பக்கமும் நூல் பிரிந்து தொங்கியது.

"எங்க முடிஞ்சிது? ஓரமே அடிக்கல. ஓரம் பிரிஞ்ச துணி என் கடையில தொங்குனா, நாளைக்கு எவ என்கிட்ட ஜாக்கெட்டு குடுப்பா?"

"நீ மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிக் குடேன்."

"நான் ஓட்டுனா அது நான் தச்சதா ஆயிடும். ஓரத்துக்குப் பட்டி வெட்டிக் குடுக்கறேன். நீங்களே வச்சி மடிச்சித் தைங்க."

தமிழழகனுக்கு அந்தப் போர்வை முழுவதும் ஒரு பங்கு வேலை என்றால் ஓரம் மட்டும் இரண்டு பங்கு வேலையாக இருந்தது. நேராகப் போகிற வரைக்கும் பட்டி சொன்னபடி கேட்டது. மூலைக்கு வந்ததும் மொத்தையாக மடிந்து நின்றது. பிரித்தான். தைத்தான். மறுபடி பிரித்தான். ஒருநாள் கோபத்தில் போர்வையைச் சுருட்டி வாசல் பக்கம் எறிந்தான். செவ்வந்தி அதை எடுத்து உதறி, கட்டிலின் காலடியில் போட்டுவிட்டு மிஷினுக்குத் திரும்பினாள். சாயங்காலம் அவனே அதை இழுத்துக்கொண்டான். மலை வளைவில் வண்டியை ஒரே வீச்சில் ஒடிக்கக் கூடாது, கொஞ்சம் முன்னே விட்டுத்தான் திருப்ப வேண்டும். அதேபோலப் பட்டியை மூலையைத் தாண்டிக் கொஞ்சம் விட்டு, பிறகு மடித்துத் திருப்பினான். மூலை கத்தியால் வெட்டியது போலப் படிந்தது.

"ஏ செவ்வந்தி! இங்க வந்து பாரு! வா இப்பிடி!"

தெருவுக்கே கேட்கும்படி அவன் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. செவ்வந்தி அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். "இது எனக்கே இவ்ளோ சுத்தமா வராது" என்றாள். அவள் புகழ்ச்சிக்குப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

புரட்டாசியில் போர்வை கொடியில் ஏறியது. எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. பூமாலை வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். அளவு கொடுக்கும்போதே அந்தப் போர்வையைத் தடவினார்கள். "யாரு தச்சதுக்கா?" என்று கேட்டால் செவ்வந்தி கொடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுவாள். போர்வைக்குப் பின்னால் தமிழழகன் மூச்சுக் காட்டாமல் படுத்திருப்பான்.

ஆயுத பூசைக்கு மறுநாள் லாரிக்காரர்கள் பொரி, கடலை, மாலை எல்லாம் எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்க வந்தார்கள். முன்னால் வந்தது ராஜாங்கம். அந்த ரோட்டில் ஓடுகிற டிரைவர்களிலேயே மூத்தவர், வாய் பெரிய மனிதர். அவர் ஒருவனைக் கிண்டல் செய்தால் தியாகதுருகம் வரைக்கும் அது டீக்கடை டீக்கடையாகப் போகும். உள்ளே வந்ததும் அவர் கண் போர்வையில் விழுந்தது.

"இன்னா தமிழு இது, ஜோரா இருக்குது! எங்க வாங்கன?"

தமிழழகன் வாயைத் திறந்தான். நான் தைத்தது என்ற சொல் தொண்டை வரை வந்தது. ராஜாங்கத்தின் பின்னால் நிற்கிற மீசைகளைப் பார்த்தான்.

"வூட்ல தச்சது" என்றான்.

வீட்டில் தைத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரி தைத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். ராஜாங்கம் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார்.

"அதான பாத்தேன். தங்கச்சி, உன் கைக்கு வளையல் போடணும்மா!"

செவ்வந்தி தட்டில் டீ வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் டீ கொடுத்தாள், எல்லோரையும் வாசல்வரை வழியனுப்பினாள். திரும்பி வந்து போர்வையைக் கொடியிலிருந்து இறக்கி, நாலாக மடித்து, அவன் மடியில் வைத்தாள்.

"ஏன் எறக்கிட்ட?"

"நான் தைக்காதத தச்சேன்னு என் தலையில ஏன் கட்டறீங்க? இத்தன வருசமா நான் ஊசி புடிச்சித்தான் இந்த வூட்ல பாதிச் சோறு. அது கேவலமான வேலையா? உங்க கூட்டாளிங்ககிட்ட சொல்ல வாய் கூசுதுன்னா, நான் செய்யறதும் உங்களுக்குக் கூச்சந்தான்."

"அப்பிடி இல்ல செவ்வந்தி…"

"எப்பிடியோ. தச்சவரு தான் தச்சேன்னு சொல்ற வரைக்கும் இது என் கடையில தொங்காது."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொடி வெறுமையாகக் கிடந்தது. பெண்கள் அளவு கொடுக்க அடுப்படிக்குப் போனார்கள். கோமுகி அணை நிரம்பி வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தமிழழகன் ஊசியைத் தொடவில்லை. இரவில் குளிருக்கு அந்தப் போர்வையைச் செவ்வந்தி அவன் மேல் போர்த்திவிடுவாள், காலையில் மடித்து வைப்பாள். கோபத்தை அவள் பேச்சில் காட்டவில்லை என்பதுதான் அவனை அதிகம் குடைந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தள்ள அவனால் முடியவில்லை.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு பகலில் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து நின்றான். மலை கழுவிவிட்டது போல இருந்தது. அடுக்கடுக்காகப் பச்சை. அந்தப் பச்சைக்குள் எங்கே ரோடு நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்று அவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது. வண்டி ஓட்டி எவ்வளவு நாளாயிற்று என்று விரல் விட்டு எண்ணினான். உள்ளே திரும்பி வந்தான்.

"செவ்வந்தி, பச்சத் துணி எவ்ளோ இருக்குதோ எல்லாம் எடு. சாம்பக் கலர்லயும் வேணும்."

"இன்னாத்துக்கு?"

"ரோடு போடணும்."

இந்த முறை அவன் மறைந்து உட்கார்ந்து தைக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, மடியில் துணியைப் பரப்பிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்கத் தைத்தான். சிலர் நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவன், "இன்னாண்ணே, கடைக்கு ஆள் சேத்துக்கினாங்களா?" என்று கேட்டான். "ஆமா, உனுக்கும் வேலை வேணுமா?" என்று இவன் திருப்பிக் கேட்டதும் அவன் போய்விட்டான். முதல் தடவைதான் காது சுட்டது. பிறகு பழகிவிட்டது.

கீழே கரும்புத் தோட்டத்துக்கு வெளிறிய பச்சை. ஏற ஏறக் கரும்பச்சை. பூத்த மரங்களுக்கு அங்கங்கே கல்யாணப் பட்டு ஜாக்கெட்டின் மிச்சம். நடுவில் சாம்பல் நிறப் பட்டை வளைந்து வளைந்து மேலே போயிற்று. பட்டையை வளைக்க, துணியைக் குறுக்காக வெட்ட வேண்டும் என்று செவ்வந்திதான் காட்டிக் கொடுத்தாள். அதற்கு மேல் அவள் கை வைக்கவில்லை. மார்கழிப் பனியில் விரல் விறைத்தது. உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நாலு ஓரமும் பட்டி வைத்து, நாலு மூலையும் மடித்துத் திருப்பி, போகிக்கு முன்னால் கடைசி முடிச்சைப் போட்டான். பல்லால் நூலை அறுத்தபோது, முதல் போர்வைக்குக் கத்தியது போலக் கத்தத் தோன்றவில்லை. நிதானமாக ஒரு சந்தோஷம் இருந்தது.

வீட்டுக்கு வெள்ளையடித்த ஈரம் காய்ந்ததும் அவனே ஆணியையும் சுத்தியையும் எடுத்தான்.

"செவரு முழுசும் வருங்க. கதவத் தொறந்ததும் இதுதான் தெரியும்" என்றாள் செவ்வந்தி.

"தெரியட்டும்."

"கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

மாட்டுப் பொங்கலன்று லாரிக்காரர்கள் வந்தார்கள். மலையில் மரவள்ளிக்கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டது, வண்டிக்கு ஆள் வேண்டும், கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். ராஜாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர், நிமிர்ந்தபடியே நின்றார். சுவரைப் பார்த்தார். கிட்டே போனார். சாம்பல் பட்டையின் கீழ் முனையில் விரலை வைத்து மெல்ல மேலே ஏற்றினார்.

"டேய்… இது நம்ம வெள்ளிமலை ரோடுடா!"

எல்லோரும் சுவரை மொய்த்துக்கொண்டார்கள். "இந்த எடத்துலதான் எனக்கு ஆக்சில் ஒடிஞ்சிது." "வண்டிக்குத் தண்ணி ஊத்துற ஓடை இதான்." ராஜாங்கம் செவ்வந்தியைத் தேடித் திரும்பினார்.

"தங்கச்சி, நீ எப்பம்மா இந்த ரோட்ட இவ்ளோ உன்னிப்பா…"

"அவ இல்லண்ணே" என்றான் தமிழழகன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காலிலும் நின்றான். "நான் தச்சேன். அன்னிக்கு நீ பாத்தியே, அதுவும் நான் தச்சதுதான். சொல்ல வெக்கப்பட்டுக்கினு அவ பேர்ல போட்டுட்டேன். தப்பு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாங்கம் சிரிக்கவில்லை. போர்வையின் ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்தார். தார்ப்பாய்த் தையலைச் சோதிப்பது போல முழு பலத்தோடு வெடுக்கென்று இழுத்தார். ஆணி லேசாக வளைந்தது. தையல் அசையவில்லை.

"பிரியலடா!" என்றார். "சிரிச்சவன் எவன்? போன மாசம் உன் தார்ப்பாய்த் தையல் வுட்டு மூட்டையெல்லாம் நனஞ்சிதே, நீ சிரிக்கிறியா?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், தமிழழகனும்தான். ராஜாங்கம் மறுபடி சுவரைக் கூர்ந்து பார்த்தார்.

"எல்லாம் செரி தமிழு. மேல ஒரு வளைவு கம்மியா இருக்குது."

"ஒண்ணும் கம்மி இல்ல. நீ எண்ணிப் பாரு."

"எண்ணிட்டுத்தான் சொல்றேன்."

சண்டை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு கட்சி. கண்ணை மூடிக்கொண்டு, கையில் இல்லாத ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து ஒருவர் வெள்ளிமலை வரைக்கும் ஏறிப் பார்த்தார். கடைசியில் ராஜாங்கமே, "என்னுதுதான் தப்பு. அந்தக் கோயில் வளைவ ரெண்டுவாட்டி எண்ணிட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். தமிழழகன் அப்போது சிரித்த சிரிப்பைப் போல விழுந்ததிலிருந்து ஒருநாளும் சிரித்ததில்லை.

செவ்வந்தி அந்தக் கூட்டத்துக்கு நடுவே புகுந்து போனாள். பெட்டியிலிருந்து பழைய போர்வையை எடுத்து, எல்லோரும் பார்க்க, கொடியில் போட்டு இழுத்துவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மசாலா நெடி பட்டவள் போல முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

தை முடிவதற்குள் தமிழழகன் வண்டியில் ஏறினான். சித்திரை வெயிலில் கனத்த போர்வைகள் இரண்டும் பெட்டிக்குள் போயின. சுவருக்கு மெல்லிசாக, வெள்ளையும் இளநீலமுமாக ஒன்றைத் தைத்து மாட்டினான். லோடுக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் மலையில் வண்டி நிழலில் உட்கார்ந்து தைத்தது அது. அளவு எடுக்கும் நேரம் தவிர, வாசல் கதவு இப்போது பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்துக் கேட்டால், செவ்வந்தி மிஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறாள்.

"எங்க வூட்டுக்காரரு தச்சாரு. மூலையப் பாருங்க, அந்த மூலையப் பாருங்க."