நூற்று நாற்பத்தெட்டு கிலோ

மாதிரிப் படகுகளை இழுத்துச் சோதிக்கும் இழுவண்டி, நீண்ட தண்ணீர்த் தொட்டியின் மறுகோடியில் போய் நின்றதும் ஹிலரி இழுவையின் அளவு பதிவான காகிதத்தைக் கிழித்தெடுத்தாள். வண்டிக்கு அடியில் அப்பாவின் படகு லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதடி நீள மாதிரி; பாய்மரம் இல்லை, மேல்தளம் இல்லை, மஞ்சள் வண்ணம் பூசிய வெறும் உடல்.

அடுத்த கோடைப் பந்தயத்துக்கு ஒரு படகு கட்டப்போகிறவர், காட்ஃப்ரியிடம் ஒரு வரைபடமும் அவர் மகள் ஹிலரியிடம் ஒரு வரைபடமும் கேட்டிருந்தார். எதைத் தண்ணீர் குறைவாக எதிர்க்கிறதோ அதைக் கட்டுவதாகப் பேச்சு. காலையில் அவளுடையதை இழுத்துப் பார்த்தார்கள். நிஜப் படகுக்குக் கணக்குப் போட்டால் நூற்று முப்பத்தொன்பது கிலோ இழுவை. அப்பாவுடையது நூற்று நாற்பத்தெட்டு.

"எடைக்கல்லைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சுப் பாக்கலாமா?" என்றார் வண்டியை ஓட்டும் டெஸ்மண்ட். அவருக்கு அப்பாவை முப்பது வருடமாகத் தெரியும்.

"அதையும் பாத்தாச்சு டெஸ்மண்ட். மூணு தடவை."

அப்போதுதான் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. "நர்ஸ் வந்துட்டுப் போனா. அப்பாவுக்கு சாயங்காலம் தாண்டாதுங்கறா. உடனே கிளம்பி வா."

ஹேம்பிள் ஆற்றோரம் வீடு. அம்மா மாரீன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஹிலரி கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை.

"காலையிலேருந்து உன்னையேதான் கேட்டுட்டிருக்காரு. அவரோடதுதான் ஜெயிச்சுதுன்னு சொல்லிடு."

"ஜெயிக்கலம்மா."

"நான் உன்கிட்ட அதையா கேட்டேன்?"

மாடி அறையில் காட்ஃப்ரி மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போய் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கண் மட்டும் பழைய கண்தான்.

"என்னாச்சு?"

"உங்களோடதுதான்ப்பா." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று போர்வையைச் சரி செய்தாள்.

"எட்டு நாட் வேகத்துல எவ்ளோ?"

அவளுக்குச் சட்டென்று வாயில் வந்த எண்ணைச் சொன்னாள். "நூத்தி முப்பது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தபோது பேசினார்.

"உராய்வுக்கே எழுபத்தஞ்சு போயிடும். அலையத் தள்ள மிச்சம் அம்பத்தஞ்சு. அவ்ளோ கம்மியில பத்து டன் எடை போகுதுன்னா அது படகு இல்ல ஹில், மீன்."

கீழே அம்மா பாத்திரம் அலம்பும் சத்தம் கேட்டது.

"அம்மா சொல்லச் சொன்னாளா?"

"ம்."

"இப்ப சொல்லு."

"நூத்தி நாப்பத்தெட்டு."

"உன்னோடது?"

"நூத்தி முப்பத்தொம்போது."

"ஒம்போது கிலோவா!" அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க வெகுநேரம் ஆனது. அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். "பின்பக்கம் ரொம்பக் கொழுப்பு வச்சுட்டேன். நீ போன வருஷமே சொன்னே."

"நான் சொல்லலயே."

"சொன்னே. நான்தான் ரேடியோவ சத்தமா வச்சேன்."

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறு வற்றிச் சேறு தெரிந்தது. அவர் கோபமாக இருக்கிறாரா, கணக்குப் போடுகிறாரா, வலிக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்க நினைத்தாள். கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"போய் அம்மாவோட உக்காந்து டீ குடி. தனியா குடிச்சா சக்கரையே போட மாட்டா."

இறங்கிப் போனாள். இருவரும் டீ குடித்தார்கள். அம்மா இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டாள். ஹிலரி திரும்பி வந்தபோது அவர் முகம் ஜன்னலைப் பார்த்தபடியேதான் இருந்தது. மூச்சு இல்லை.

அம்மா அவர் தலைமுடியை விரலால் கோதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னியாடி?"

"சொன்னேம்மா."

"சந்தோஷப்பட்டாரா?"

"சிரிச்சாரு."

அம்மா தலையசைத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

மருத்துவர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்குச் சவப்பெட்டிக்காரர் போன் செய்தார்; ஹிலரி எடுத்தாள். மெதுவான, மரியாதையான குரல்.

"தோராயமா உயரம் சொன்னா போதும்மா."

"ஆறடி," என்றாள் மாரீன், மாடிப்படியில் நின்றபடி. "கல்யாணத்தப்ப ஆறடி."

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் ஹிலரி. கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேலே போனாள். போர்வையை விலக்கி, முழங்கால்களை மெல்ல அழுத்தி நேராக்கினாள். குதிகாலில் நாடாவின் நுனியை வைத்து, தலைவரை இழுத்தாள்.

ஐந்தடி எட்டங்குலம்.

நாடாவைச் சுருட்டினாள். பிறகு மறுபடியும் பிரித்து, குதிகாலிலிருந்து அளந்தாள்.