அடித்துச் சொன்னவர்கள்

உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்த எனக்கு வராது. இலோய்லோ நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பதினோரு வருடமாக முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு உளவியல் எடுக்கிறேன். அத்தனை வருடமும் வகுப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேதான் எடுத்திருக்கிறேன். நினைவைப் பற்றிய பாடம் வந்தால் மட்டும் கூடவே இன்னொருவரையும் ஓட விடுவேன்.

அவர் பெயர் கிரிஸ்புலோ. கல்லூரி கேன்டீனில் தட்டு கழுவுகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். அண்ணனைக் கூப்பிடுவதுபோல் எல்லோரும் அவரை மனோங் என்றுதான் கூப்பிடுவோம். பருவத்துக்கு ஒருமுறை, நான் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மேசைமேல் இருக்கும் என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடிவிடுவார். பிள்ளைகள் அலறி ஓய்ந்ததும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பார்த்ததை எழுதச் சொல்வேன். சட்டை நீலம் என்பான் ஒருவன், மஞ்சள் என்பாள் ஒருத்தி. கையில் கத்தி இருந்தது என்று நாலு பேராவது எழுதுவார்கள். அப்புறம் கிரிஸ்புலோ பையோடு திரும்பி வந்து நிற்பார்.

"கத்தியா? பாத்திரம் தேய்க்கிற நாருப்பா இது" என்று கையை விரித்துக் காட்டுவார். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும்.

பார்த்ததை நாம் அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதில்லை, தேவைப்படும்போதெல்லாம் புதிதாகக் கட்டிக்கொள்கிறோம், எவ்வளவு அடித்துச் சொல்கிறோம் என்பதற்கும் அது உண்மையா என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிப் பாடத்தை முடிப்பேன். அந்த ஒரு வகுப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

இந்தப் பருவத்தில் அவர் ஓடியது ஒரு செவ்வாய்க்கிழமை. அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் துறை அறையிலிருந்து ஒரு மடிக்கணினி நிஜமாகவே திருட்டுப் போனது. யாரோ ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியதை என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். ஊழியர்கள், வெளி வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்று எல்லோருடைய படங்களும் ஒட்டிய ஆல்பத்தைக் கல்லூரிக் காவலர் எடுத்து நீட்டியிருக்கிறார். மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் கிரிஸ்புலோவின் படத்தில் விரலை வைத்துவிட்டார்கள்.

மதியம் டீன் சோலினாப் அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஃபெல்மா, மூணு பிள்ளைங்களும் ஒரே ஆளைக் காட்டுறாங்க. நாலு மணிக்கு போலீஸ் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

"மேம், அந்த முகத்தை அவங்களுக்குப் பழக்கிவிட்டதே நான்தான். செவ்வாக்கிழமை பையைத் தூக்கிட்டு ஓடின முகம் அது. வெள்ளிக்கிழமை ஓடினவன் மூஞ்சி சரியாத் தெரியல, இதை எடுத்து அதுமேல ஒட்டிட்டாங்க."

"இதெல்லாம் உன் கிளாஸ்ல எடுபடும். ஸ்டேஷன்ல எடுபடாது. பத்து மணிக்கு எங்கய்யா இருந்தேன்னு கேட்டா, 'நான் எடுக்கல மேம்'னு மட்டும் சொல்லிட்டுத் தரையைப் பாக்குறார். அவரை அந்த நேரத்துல பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லு."

விளையாட்டுக்கு ஓட விட்டவள் நான். அதற்கு அவர் சிறைக்குப் போவதா? அறைக்குத் திரும்பி உட்கார முடியாமல் தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தேன்.

தினமும் பத்து மணிக்கு நான் கேன்டீனில் காபி வாங்குவேன். கிரிஸ்புலோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியருகே நின்றிருப்பார். பச்சை ஏப்ரன், தலையில் தொப்பி. இன்றும் நின்றார். நின்றாரா? எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும்போது இன்றைய முதுகு எது, நேற்றைய முதுகு எது? படிக்கட்டு வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். இன்று மழை தூறியது. என் தோள் நனைந்திருந்தது. பலகாரக் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. ஆமாம், வாழைப்பழத் துருன் கேட்டேன். அவர் தலையைத் திருப்பி, "துருன் தீந்துபோச்சு மேம், பிபிங்கா இருக்கு" என்றார். அந்தக் குரல் அப்படியே காதில் விழுந்தது. நடை தானாக நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

மூன்று மணிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காலை பத்து மணிக்கு கிரிஸ்புலோ கேன்டீனில் இருந்தார், என்னிடம் பேசினார் என்று.

"உறுதியாத்தானே சொல்ற?" என்றார் டீன்.

"கண்ணால பாத்தேன் மேம். காதால கேட்டேன்."

போலீஸ்காரர்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து மணிக்கு என் அறை வாசலில் கிரிஸ்புலோ வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேம் எனக்காகப் பொய் சொல்லிட்டீங்க. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா மனசு கேக்கல, அதான் வந்தேன்."

"பொய்யா? என்ன பொய்?"

"பத்து மணிக்கு நான் இங்க இல்லையே."

அவர் மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகிறாள். மணிலாவுக்குக் கப்பல் அன்று காலையில். இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்புவாள். கேன்டீன்காரம்மாவிடம் இவர் இரண்டு மணி நேரம் லீவு கேட்டிருக்கிறார்.

"போறதுன்னா போ, திரும்பி வந்து நிக்காதேன்னுட்டாங்க. அதான் என் சித்தப்பா பையனுக்கு ஏப்ரனையும் தொப்பியையும் மாட்டி தொட்டிகிட்ட நிக்க வெச்சுட்டுத் துறைமுகத்துக்குப் போயிட்டேன். அந்தம்மா கல்லாவை விட்டு எந்திரிக்க மாட்டாங்க, பின்னாடி வந்து பாக்கவே மாட்டாங்க. நீங்க பாத்தது அவன் முதுகு."

"அவன் என்கிட்ட பேசினானே."

"அவனா? அவன்கிட்ட தலையைத் திருப்பாதே, வாயைத் திறக்காதேன்னு சொல்லி வெச்சிருந்தேன் மேம். துருன் தீந்துபோச்சுன்னு நான் உங்ககிட்ட சொன்னது புதன்கிழமை."

பணப்பையிலிருந்து துறைமுக நுழைவுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அன்றைய தேதி, காலை ஒன்பது ஐம்பது என்று அச்சாகியிருந்தது. கல்லூரியிலிருந்து துறைமுகத்துக்கு ஜீப்னி வண்டியில் அரை மணி நேரம் ஆகும். அவர் திருடவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? நான் எழுதிக் கொடுத்தது அத்தனையும் தப்பு என்பதற்கும் அதுவேதான் சாட்சி.

நான் பொய் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்று அவர் நினைப்பதில் எனக்குக் கொஞ்சம் கௌரவமாவது மிச்சமிருந்தது. பதினோரு வருடம் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவள், முதல் வரிசைப் பிள்ளையை விட மோசமாகப் போனேன் என்று எந்த வாயால் சொல்வது?

"இந்தச் சீட்டைக் காட்டினா எனக்குப் பிழைப்பு போயிடும் மேம், அவனும் மாட்டிக்குவான். உங்க தாளே இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்றேன். சனியும் ஞாயிறும் வீட்டில் துவைத்ததையே துவைத்தேன்.

திங்கட்கிழமை காலை அந்த மூன்று பேரும் என் அறைக்கு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் ஜெஸ்ஸல். கெட்டிக்காரி, தேர்வில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவள்.

"சாரி மேம். நாங்க மனோங்கைத் தப்பாச் சொல்லிட்டோம். நீங்க அவரைக் கேன்டீன்ல பாத்தீங்கன்னு கேள்விப்பட்டதும்தான் எங்களுக்குச் சரியா ஞாபகம் வந்துச்சு. அந்த ஆள் நல்ல உயரம் மேம். ஏசி ரிப்பேர் பண்ண வருவாரே, அவர்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"காலையில காவலர் மறுபடி ஆல்பம் காட்டினார். மூணு பேருக்கும் பளிச்சுனு தெரிஞ்சுபோச்சு. சட்டை கூடத் தெரியுது மேம். சத்தியமா அவர்தான். அவரைக் காவலர் ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க."

அவள் கண்ணில் துளிப் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை என் கண்ணும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நேராகக் கேன்டீனுக்குப் போனேன். கிரிஸ்புலோ தொட்டியருகே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆளுக்குப் பிள்ளைங்க இருக்கா மேம்?"

"தெரியல மனோங்."

"சரி, வாங்க போலாம்."

டீன் அறையில் என் தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்தேன். வெள்ளிக்கிழமை நான் பார்த்தது ஒரு முதுகை, மீதியெல்லாம் நானாகக் கட்டியது, இந்தப் பிள்ளைகள் முதலில் சொன்னதும் அப்படித்தான், இன்று சொன்னதும் அப்படித்தான் என்றேன். கிரிஸ்புலோ சீட்டை மேசைமேல் வைத்தார். டீன் அதை எடுத்து நேரத்தைப் பார்த்தார். "இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமேய்யா" என்றார். ஏசிக்காரரை விட்டுவிட்டார்கள். மடிக்கணினி இன்றுவரை கிடைக்கவில்லை.

மதியத்துக்குள் விஷயம் கேன்டீன்காரம்மா காதுக்குப் போய்விட்டது. நான் போய்க் கெஞ்சினேன்.

"ஆள் மாறாட்டம் பண்ணினவரை எப்படிம்மா வெச்சுக்கிறது? பரிதாபப்பட்டா நீங்களே வேலை போட்டுக் கொடுங்க" என்றார் அந்தம்மா. டீனிடம் போனேன். கேன்டீன் குத்தகைக்கு விட்டது, அதில் தலையிட முடியாது என்றார். தப்புப் பண்ணியது நான், வேலை போனது அவருக்கு. மூன்றரை மணிக்கு மேல் என்னால் அந்தக் கட்டடத்துக்குள் நிற்கவே முடியவில்லை.

வாசல் பக்கம் வந்தபோது கிரிஸ்புலோ மாற்றுத்துணிப் பையோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஜெஸ்ஸல் என் பக்கத்தில் வந்து நின்று, அவர் போவதைப் பார்த்தாள்.

"வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா மேம்?"

"ஆமாம்."

"அப்ப அவர்தானே எடுத்தது. எனக்கு முதல்லயே தெரியும் மேம். நடுவுலதான் குழம்பிட்டேன். இப்ப அந்தப் பையோட பாக்குறப்ப அப்படியே தெரியுது, இதே நடை, இதே பை."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மேம், வலிக்குது. எங்க மேம் போறோம்?"

"அவர்கிட்டயே கேளு, வெள்ளிக்கிழமை எங்க இருந்தார்னு."

வெளியே ஜீப்னி வந்து நின்றது. கிரிஸ்புலோ படியில் கால் வைத்துவிட்டார். "மனோங்" என்று கத்தினேன், வண்டி இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. அவளை இழுத்துக்கொண்டு நான் ஓடினேன்.