சற்குணத்தின் பூட்ஸுக்கு எந்தச் சோல்?

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. மீதி கிடைப்பதற்குள் ரயில் வந்துவிட்டது.

திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, சென்னை போகும் மின்சார ரயிலைப் பிடிக்கத் திருத்தணியில் நடந்துகொண்டிருந்தேன். செருப்பின் வார் அறுந்தது. ஸ்டேஷன் சாலையில் ஒரு தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தையற்கடை இல்லை, செருப்பு தைக்கிற கடை. உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பக்கத்தில் பெரிய பூட்ஸ் ஜோடி ஒன்றை வைத்துக்கொண்டு, தோல் தைத்துக்கொண்டிருந்தாள். என் செருப்பை வாங்கிக்கொண்டு, "உக்காருங்க, இப்போ குடுத்துடறேன்" என்றாள்.

அப்போதுதான் இன்னொரு பெண் வந்தாள். கையில் கொய்யாப்பழப் பை. உட்காரவில்லை. நான் இருப்பதையும் பொருட்படுத்தவில்லை.

"அவரு வந்து கேட்டா, தோலு செத்துப்போச்சு, இனிமே ஒன்னும் பண்ண முடியாதுன்னு சொல்லிடு."

தைக்கிறவள் தலையைத் தூக்கினாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். ஸ்டேஷனில் அறிவிப்பு ஒலித்தது. நான் அவள் தைத்து வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பதில் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அரக்கோணம் தாண்டி, மணவூரில் ரயில் காரணமில்லாமல் வெகுநேரம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வயல்களின் நடுவே மின்சார டவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கம்பிகளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ நடந்து போய்க்கொண்டிருந்தன. அங்கேதான் அவர்களுக்குப் பெயர் வைத்தேன். தைக்கிறவள் அனுசுயா. பொய் கேட்டு வந்தவள் தபிதாள். நான் பார்க்காத அந்த ஆள் சற்குணம், தபிதாளின் கணவன்.

2

முதல் தொடக்கம்: தணிகை மலைமேல் மேகம் இறங்கிய ஒரு மாலையில், தன் கணவனின் பூட்ஸை நினைத்துக்கொண்டே தபிதாள்—

வேண்டாம். மேகம் இறங்கிவிட்டால் எழுதுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது தொடக்கம்: தோல் என்பது ஒருகாலத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒன்று. அதைப் பதப்படுத்துவது என்றால்—

இது கட்டுரை. (ஆனால் இந்த வரிக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. நாலாம் பகுதிக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன்.)

பூட்ஸிலிருந்தே தொடங்கிவிடலாம். அதை மட்டும்தான் நான் நன்றாகப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் ஏறுகிற உயரம். மடிப்புகளில் வெள்ளையாகப் பூஞ்சை. அடியில் கால் பதிகிற இடம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. குதிகால் மட்டும் உயரமாக, ஒரு கம்பியில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ள வசதியாக. டவர் கட்டுகிறவர்கள் அப்படிப்பட்ட பூட்ஸ் போடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே டவர்கள் வேறு. சற்குணத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

3

அனுசுயா ராணிப்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுக்கு பூட்ஸ் ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வேலை செய்தவள். திருத்தணிக்குக் குடி வந்தபிறகு, தினமும் ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள், தண்டவாள வேலைக்காரர்கள், கல்குவாரி ஆட்கள் எல்லோருடைய காலையும் பார்த்துவிட்டுக் கடை போட்டாள். கடை நன்றாக ஓடியது. ஆர்.கே.பேட்டையிலிருந்தெல்லாம் டவுன் பஸ்ஸில் பூட்ஸ் வந்தது.

சற்குணத்தின் பூட்ஸை அவள் முன்பே ஒருமுறை சோல் மாற்றியிருக்கிறாள். அப்போது அவன் ஒடிசாவில் டவர் கட்டிவிட்டு வந்திருந்தான். அதன்பிறகு கர்நாடகத்தில் ஒரு டவரிலிருந்து விழுந்தான். இடுப்பு எலும்பும் இடது காலும் உடைந்து, நீண்டநாள் கட்டிலில் கிடந்தான். பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

இப்போது அவனே நடந்து வந்து பலகைமேல் வைத்தான்.

"உசுரு கீதா பாரும்மா."

அனுசுயா கட்டைவிரலால் மடிப்பை அழுத்தினாள். தோல் அப்பளம்போல் இறுகிக் கிடந்தது. ஆனால் விரலை எடுத்ததும், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல், மெல்ல எழுந்தது.

"பாத்து சொல்றேண்ணா. எதுக்கு இப்போ?"

"மேஸ்திரி ஃபோன் பண்ணாரு. பெல்லாரி பக்கம் லைன் போடறாங்களாம்." அவன் சிரித்தான். "வூட்ல சொல்லல இன்னும்."

வீட்டில் தெரிந்திருந்தது. அடுத்தநாளே தபிதாள் வந்துவிட்டாள்.

[முதல் பிரதியில் தபிதாளை அழவைத்திருந்தேன். நான் பார்த்த பெண் அழவில்லை. பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துத் துடைத்து, பலகையின் ஓரத்தில் அனுசுயாவுக்காக வைத்தாள். அதை மறந்துவிட்டுக் கண்ணீரை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.]

"டாக்டர் சொல்லி கேக்கல," என்றாள் தபிதாள். "பாஸ்டர் வூட்டுக்கே வந்து சொன்னாரு, அதுக்கும் கேக்கல. நீ சொன்னா கேப்பாரு. அந்த பூட்ஸ் இல்லாம அவரு ஏற மாட்டாரு."

"வேற பூட்ஸ் வாங்கிப்பாருக்கா."

"மாட்டாரு. உழும்போது கூட காலுல இதான் இருந்துச்சு. இது என்னை உடல, நான்தான் உட்டுட்டேன்னு சொல்லிகினு இருப்பாரு." பையின் வாயை முடிச்சுப் போட்டாள். "அவரு உழுந்தத ஃபோன்லதான் சொன்னாங்க. இன்னும் ஃபோன் அடிச்சா எடுக்க பயமா கீது அனுசு. ஒரு வார்த்தைதானே."

இந்த இடத்தில்தான் என் ரயில் வந்தது. இனிமேல் முழுக்க நானாகச் சொல்வது.

"யோசிச்சிட்டு சொல்றேன்கா," என்றாள் அனுசுயா.

4

யோசிப்பதென்றால் அவளுக்குக் கையில் வேலை இருக்கவேண்டும். வினிகரில் தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, பூஞ்சையைத் துடைத்தாள். வெயிலில் வைக்கவில்லை, வெயில் தோலை வெடிக்கவைக்கும். மின்விசிறி காற்றுப்படும் இடத்தில், நிழலில், தானாக உலரவிட்டாள். பிறகு தேன்மெழுகையும் விளக்கெண்ணெயையும் கிண்ணத்தில் இளஞ்சூடாக உருக்கி, விரல்களாலேயே தொட்டுத் தேய்த்தாள்.

மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். சாலையில் ஆளில்லை. தோல் எண்ணெயைக் குடித்தது. வைத்த இடத்தில் ஈரம் ஒரு கணம் மினுங்கும், பிறகு உள்ளே போய்விடும். இன்னும் கேட்கும்.

"குடி நைனா, குடி," என்றாள். அவள் பிறந்த வீட்டில் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கன்றுக்குட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மெழுகின் மணம் கடை முழுக்க நிறைந்தபோது அவளுக்குக் கண் செருகியது. பூட்ஸ் அவள் மடியில் கனமாக, சூடாக, ஒரு பிராணி மாதிரி படுத்திருந்தது. இது எப்போதோ ஒரு மாடாக மழையில் நின்றிருக்கும். பிறகு தொட்டியில் ஊறியிருக்கும். பிறகு ஒரு மனிதனின் காலாகி ஒடிசாவின் காடுகளுக்கு மேலே, பறவைகள் கீழே பறக்கிற உயரத்தில் நின்றிருக்கும். எதிலும் அது முடிந்துபோகவில்லை. தோல் செத்துப்போச்சு என்று இதன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மலைக்கு மேலே, மழைக்குள்ளே, டவர்கள் இறங்கி வருவதுபோல் இருந்தது. ஒவ்வொன்றும் பூட்ஸ் போட்டிருந்தது.

[எடுத்து வைத்த வரியை இங்கே கரைத்துவிட்டேன். மாட்டை அனுசுயா நினைத்தாளா, நான் நினைத்தேனா என்று பிரிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.]

தூக்கத்தை உதறிக்கொண்டு, பழைய சோலின் தையலைப் பிரிக்கக் கத்தியை எடுத்தாள். பூட்ஸைத் திருப்பினாள். கத்தி பாதியில் நின்றது.

இடது பூட்ஸின் நுனி தேய்ந்திருந்தது. மற்ற தேய்மானமெல்லாம் பழையது. அதன்மேல் பூஞ்சை ஏறியிருந்தது. இந்த நுனி மட்டும் புதிது. தாரில் உரசிய பளபளப்பு. வலது நுனியில் அது இல்லை.

அவன் ஏற்கெனவே இதைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறான். இடது கால் தரையைவிட்டு முழுதாக எழுவதில்லை.

5

சற்குணம் மறுநாள் காலையில் வந்தான். பூட்ஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கறுத்து, மென்மையாகி, அடி மட்டும் இல்லாமல் அது பலகைமேல் உட்கார்ந்திருந்தது.

"தோலு நல்லா கீதுண்ணா," என்றாள் அனுசுயா. "இன்னும் ரொம்ப நாளு வரும்."

தபிதாள் கேட்ட பொய் அங்கே முடிந்தது. அனுசுயா பிரித்தெடுத்த பழைய சோலைக் கையில் எடுத்தாள்.

"ஆனா இத பாருங்க. எடது காலு. எங்க நடந்தீங்க?"

அவன் சோலை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "மலைக்கு வண்டி போற ரோட்டுல. விடியக்காலைல."

"காலு தூக்க வரல இல்ல?"

"வந்துகினுதான் கீது. மெதுவா வரும்."

"டவர்ல மெதுவா வர்றதுக்கு எடம் கீதாண்ணா?"

[இந்தக் கேள்வியை மூன்றுமுறை மாற்றி எழுதினேன். முதலில் அவள் நீளமாகப் பேசினாள். நான் பேசுவதுபோல் இருந்தது.]

சற்குணம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "ஏறப்போறேன்னு யாரு சொன்னா? கீழ நின்னு கயிறு புடிக்கிற வேலை ஒன்னு கீது. மேஸ்திரியே சொல்லிகீறாரு."

உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. சத்தியமாக எனக்கும் தெரியவில்லை. அவன் அப்போதே யோசித்துச் சொன்னதாகவும் இருக்கலாம்.

அனுசுயா எழுந்து, மேல் தட்டிலிருந்து இரண்டு ஜோடி சோல்களை எடுத்துப் பக்கம்பக்கமாக வைத்தாள்.

"கீழ நிக்கிற வேலைன்னா இது, ஃப்ளாட்டு. நாள் பூரா கல்லு மேல நின்னாலும் காலு நோவாது. ஏறுற வேலைன்னா இது, குதி வெச்சது. கம்பில மாட்டிகினு நிக்கும். எத போட?"

மழைக்குப் பிந்திய வெளிச்சம் பலகைமேல் கிடந்தது. சற்குணம் குதி வைத்த சோலைக் கையில் எடுத்தான். வைக்கவில்லை.

"மேல ஒக்காந்து சோறு துன்னுவேன், தெரியுமா. டப்பால தயிர் சோறு. கீழ பாத்தா நம்ம நெழலு நெல்லு வயலு மேல போவும். சாயங்காலம் ஆவ ஆவ அது நீளமாயிகினே போய் பக்கத்து ஊர தொட்டுடும். இறங்கவே தோணாது."

"அது எனக்கு தெரியாதுண்ணா. எனக்கு சோல்தான் தெரியும்."

6

இங்கே வெவ்வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மறைக்கவில்லை.

ஒன்றில் அவன் குதி வைத்ததைக் கேட்கிறான். அவள் தைத்துக் கொடுக்கிறாள். தபிதாள் அந்த பூட்ஸைக் கொண்டுபோய் குளத்தில்— போதும். அந்தத் தபிதாளை எனக்குத் தெரியாது.

இன்னொன்றில் அனுசுயா பொய்யைச் சொல்லிவிடுகிறாள். அவன் நம்பிவிடுகிறான். பூட்ஸைத் தடவிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு போகிறான். அதன்பிறகு அவன் வீட்டுக்குள்ளேயே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குள்ளமாகிக்கொண்டே வருகிறான். மூன்று பக்கம் எழுதினேன். இந்தக் கதையிலேயே அழகாக வந்த பக்கங்கள் அவைதான். ஆனால் என் அனுசுயா தோலைத் தொட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பொய் நிற்கவில்லை. கிழித்துவிட்டேன்.

நின்றது இதுதான். சற்குணம் குதி வைத்த சோலைக் கீழே வைத்தான். தட்டையானதை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினான். எழுந்து வெளியே போய், சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது.

அனுசுயா அடித்தோலுக்கும் சோலுக்கும் நடுவே இருந்த பழைய தக்கையைச் சுரண்டி எடுத்துப் புதுத் தக்கை நிரப்பினாள். பசை தடவி, சோலை ஒட்டி, சுத்தியால் தட்டி, ஓரம் சுற்றித் தைத்தாள். மிஷின் ஓடிய நேரமெல்லாம் அவன் திரும்பவில்லை; அது நின்றபோது சாலையில் அவன் இல்லை.

7

வாங்கிப்போக வந்தவள் தபிதாள்.

"நான் சொன்னத சொல்லல நீ."

"சொல்லலக்கா."

தபிதாள் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள். அனுசுயா நடந்ததைச் சொன்னாள்: தேய்ந்த நுனி, மலை ரோடு, இரண்டு சோல், அவன் விரலால் தள்ளியது. தபிதாள் தட்டையான அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"இத போட்டுகினு டவர் ஏற முடியாது இல்ல?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தபிதாள் இன்று நிம்மதியாகத் தூங்குவாள். அனுசுயா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏறலாம்கா. கஷ்டம். ஆனா ஏறலாம்."

தபிதாள் தலையசைத்தாள். கோபப்படவில்லை. "அந்த எண்ணெய் எப்படி போடறதுன்னு காட்டு," என்றாள். அனுசுயா கிண்ணத்தைச் சூடாக்கினாள். ஆளுக்கொரு பூட்ஸாக இருவரும் மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தார்கள். தையல் ஓட்டைகளில் மெழுகு இறங்கி அடைத்துக்கொண்டது. வெளியே யாரோ மலைக்குக் காவடி தூக்கிப் போனார்கள். மேளச் சத்தம் வந்து, தேய்ந்து, போய்விட்டது.

8

சற்குணம் பெல்லாரிக்குப் போய்விட்டான். இதை நான் தடுத்திருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் மூவரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்துவிட்ட பிறகு, நடுவில் நான் புகுந்து ரயிலை நிறுத்துவது நன்றாக இருக்காது.

ஒருநாள் மத்தியானம் தபிதாள் கடைக்கு வந்தாள். தைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வூட்ல தனியா ஃபோன் பண்ண முடியல," என்று சொல்லிவிட்டு நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, பலகைமேல் வைத்தாள். அனுசுயா மிஷினை நிறுத்தினாள்.

மணி அடித்தது. எடுத்தான். காற்றுச் சத்தம். காற்று டவர் உச்சியிலும் அடிக்கும், வெட்டவெளித் தரையிலும் அடிக்கும்.

"சாப்ட்டியா?" என்றான்.

"ஆங், சாப்ட்டேன். எங்க கீறீங்க?"

இதற்குமேல் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். "கீழதான்" என்று எழுதினால் நான் தபிதாளைச் சமாதானப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறது. "மேல" என்று எழுதினால் கதையைக் காப்பாற்றுகிறேன் என்று தோன்றுகிறது. இரண்டிலும் சற்குணம் இல்லை.

அவனை இப்போது உங்களுக்கும் என் அளவுக்குத் தெரியும். பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. தபிதாள் ஃபோனை வைத்துவிட மாட்டாள்.